‘சினாடு’ என்னும் சொல்

வேதியியல் பயிலும் நம் நண்பர்களுக்கு ஆனோடு, கேத்தோடு என்னும் சொற்கள் புதியன அல்ல. மின்பகுப்பை விளக்கப் புதுச்சொற்கள் தேவைப்பட்டபோது, 1834-இல் பாரடே கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹ்யூவெலை நாடினார். அவர் கிரேக்க மொழியிலிருந்து இவ்விரண்டையும் எடுத்துக் கொடுத்தார். ‘ஹோதோஸ்’ என்றால் கிரேக்கத்தில் வழி. மேலே ஏறும் வழி ஆனோடு. கீழே இறங்கும் வழி கேத்தோடு. அதே ஹோதோசின் முன்னே ‘உடன்’ என்று பொருள்படும் ‘சின்’ சேர்ந்தால் ‘சினோதோஸ்’ ஆகும். கிறித்தவ சபைகளில் அடிக்கடி வழங்கும் சினாடு என்னும் சொல் இதுதான். மின்கலத்தின் உறுப்பும் ஆயர்களின் கூட்டமும் ஒரு வேரில் கிளைத்தவை என்றால் வியப்பாக இல்லையா?

இச்சொல்லை ஆராயும் ஆவல் எனக்கு ஏற்பட்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் விஷ்ராந்த்வாடியில் வாழும் தமிழ்க் கிறித்தவருள் கத்தோலிக்கரும் உளர். தென்னிந்தியத் திருச்சபையிலிருந்து வந்தோரும் உளர். ‘சினாடு முடிவு செய்துவிட்டது’ என்று ஒருவர் சொன்னால் மற்றவர் அதை வேறாகப் புரிந்துகொள்கிறார். 2023 அக்டோபரில் உரோமாபுரியில் கூடிய சினாடில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் முதன்முறையாக வாக்களித்த செய்தி வந்தது. இனிப் பெண்களும் குருக்களாவர் என்றே சிலர் எண்ணிவிட்டனர்; அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லையே என்று பின்னர் மனம் வருந்தினர். அவர்களை ஏமாற்றியது செய்தியன்று, சொல்.

முதலில் கிரேக்கப் பொருளைக் காண்போம். கிரேக்க வானநூலார் ஞாயிறும் திங்களும் ஒரே திசையில் கூடுவதைச் சினோதோஸ் என்றனர். ஓர் அமாவாசையிலிருந்து மறு அமாவாசை வரையுள்ள 29.53 நாட்களை இன்றும் ‘சினோடிக்’ மாதம் என்கிறோம். விண்மீன்களை வைத்துக் கணக்கிட்டால் திங்கள் 27.32 நாட்களிலேயே ஒரு சுற்றை முடித்துவிடுகிறது. ஆனால் அதற்குள் ஞாயிறு வானில் சற்று நகர்ந்துவிடுவதால், அதை எட்டிப்பிடிக்கத் திங்களுக்கு இன்னும் இரண்டு நாட்களுக்கு மேல் வேண்டியிருக்கிறது. நம் அமாவாசை என்ற சொல்லைப் பாருங்கள். வடமொழியில் ‘அமா’ என்றால் உடன், ‘வாசம்’ உறைதல். இரு சுடரும் உடன் உறையும் நாள். கிரேக்கன் உடன் செல்லும் வழியைக் கண்ட இடத்தில் இந்தியன் உடன் உறையும் வீட்டைக் கண்டான் போலும்!

மக்களிடையே இச்சொல்லின் பொருள் என்ன என்பதற்குப் புனாவிலேயே சான்று இருக்கிறது. ஆடி ஏகாதசியை நோக்கி ஆளந்தியிலிருந்து ஞானேசுவரர் பல்லக்கு ஆண்டுதோறும் பண்டரிபுரத்திற்குப் புறப்படும்போது, எங்கள் ஆளந்தி சாலை வழியாகத்தான் வாரகரிகள் வருகின்றனர். தனித்தனியாக அல்ல, ‘திண்டி’ என்னும் குழுக்களாகப் பாடிக்கொண்டு நடப்பர். லூக்கா நற்செய்தியில், பன்னிரண்டு வயது இயேசு யாத்திரைக் கூட்டத்தோடு வருகிறார் என்று பெற்றோர் எண்ணிக்கொண்டு ஒரு நாள் தொலைவு நடந்த செய்தி வருகிறதன்றோ? அங்கே அக்கூட்டத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ‘சினோதியா’. மராத்தியர் அதைத் திண்டி என்று பெயர்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது.

நடப்போரின் சொல், அமர்ந்து பேசுவோரின் சொல்லானது திருச்சபை வரலாற்றில். 325-இல் கான்ஸ்டன்டைன் பேரரசர் நிசேயாவில் ஆயர்களைக் கூட்டினார். உயிர்ப்புப் பெருவிழாவை எல்லாச் சபையாரும் ஒரே நாளில் கொண்டாட வேண்டும் என்பது அங்கே எடுத்த முடிவுகளுள் ஒன்று. அந்நாளும் முழுநிலவை ஒட்டிக் கணக்கிடப்படுவதே. திங்கள் நம்மை விட்டபாடில்லை. அக்கூட்டத்தைக் கிரேக்கர் சினோதோஸ் என்றனர். இலத்தீனர் ‘கொன்சீலியம்’, அதாவது அழைத்துக் கூட்டப்பட்டது, என்றனர். ஆக, கவுன்சில் வேறு, சினாடு வேறு என்ற பாகுபாடு தொடக்கத்தில் இல்லை. பிற்காலத்தில்தான் உலகப் பேரவைக்கு ஒன்றும் சிறிய கூட்டத்திற்கு மற்றொன்றுமாக இச்சொற்கள் பிரிந்தன.

தமிழ்க் கத்தோலிக்கர் கவுன்சிலைச் ‘சங்கம்’ என்பர். 1962 முதல் 1965 வரை நடந்தது இரண்டாம் வத்திக்கான் சங்கம். சமணரும் பௌத்தரும் தம் துறவியர் கூட்டத்திற்கு வழங்கிய சொல், புலவர் அவைக்குப் பெயராகி, 1901-இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நிறுவிய தமிழ்ச் சங்கத்தின் பெயராகி, நம் போன்ற மாணவர்களின் பெயர்ப்பலகையிலும் ஏறி, ஆயர்களுக்கும் உதவுகிறது. புனாவின் மராத்தி நாளிதழில் விளையாட்டுப் பக்கத்தைத் திருப்பினால் அதே சொல் கிரிக்கெட் அணியைக் குறிக்கும்! சினாடுக்கோ கத்தோலிக்கர் ‘ஆயர் மாமன்றம்’ என்கின்றனர். மன்றம் ஊர்ப்பொதுவிடம். சங்கம் ஆட்களைச் சுட்டும். மன்றம் இடத்தைச் சுட்டும். வழியைச் சுட்டும் சொல் தமிழில் அமையவில்லை.

இனிப் பயன்பாட்டுக்கு வருவோம், சிக்கல் இங்கேதான். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27-இல் சென்னையில் தோன்றியது. அதன் சினாடில் பேராயர்களோடு குருமாரும் சபை மக்களின் பிரதிநிதிகளும் அமர்கின்றனர். அத்திருச்சபையின் உச்ச ஆட்சிமன்றமே அதுதான். கத்தோலிக்கரின் ஆயர் மாமன்றமோ 1965 செப்டம்பரில் ஆறாம் பவுல் திருத்தந்தை ஏற்படுத்தியது. திருத்தந்தைக்கு ஆலோசனை கூறுவதே அதன் இயல்பான பணி. அவர் தனியே அதிகாரம் அளித்தாலன்றி அது தீர்மானிப்பதில்லை. 2024 அக்டோபரில் நிறைவேறிய இறுதி ஏட்டுக்கும் பிரான்சிஸ் திருத்தந்தையின் ஒப்புதல் வேண்டியிருந்தது. வாக்குரிமை பெற்ற பெண்கள் உண்மையில் பெற்றது ஆலோசனையில் பங்கு. அது சிறிதன்று என்பது என் கருத்து. ஆனால் அது சட்டமியற்றும் உரிமையன்று.

இவ்வேறுபாடு நம் நாட்டு வரலாற்றிலும் தென்படுகிறது. 1844-இல் பொன்னாந்து ஆயர் புதுச்சேரியில் கூட்டிய சினாடு குருக்களின் கூட்டம். உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவதும் கல்வியைப் பரப்புவதும் அங்கே ஆராயப்பட்டன. பெண் கல்விக்கென துய்ப்புயி அடிகளார் அதே ஆண்டு புதுச்சேரியில் கன்னியர் சபையொன்றைத் தொடங்கினார். வந்தோர் பேசினர்; பயன் விளைந்தது.

1599 சூனில் கொச்சிக்கு அருகே உதயம்பேரூரில் நடந்தது நேர்மாறு. கோவா பேராயர் மெனேசிஸ் அழைக்க, தோமா கிறித்தவரின் குருக்கள் நூற்றைம்பதின்மர் அளவிலும் மக்கள் தரப்பில் அறுநூற்றுக்கும் மேற்பட்டோரும் திரண்டனர். எண்ணிக்கையைப் பார்த்தால் பொதுமக்கள் பேரவைதான். ஆனால் தீர்மானங்கள் முன்னரே எழுதப்பட்டிருந்தன. சுரியானி நூல்கள் திருத்தவும் எரிக்கவும் ஆணையிடப்பட்டன. தம் ஊர்களில் ‘பள்ளியோகம்’ கூடி எல்லாரும் கலந்து பேசிப் பழகிய மக்கள், இதையும் அத்தகைய யோகம் என்று நம்பியே வந்திருப்பர் என்று எனக்குத் தோன்றுகிறது. 1653-இல் மட்டாஞ்சேரியில் சிலுவையைச் சாட்சியாக வைத்துப் பெருந்திரளானோர் இயேசு சபையாருக்கு இனிப் பணிவதில்லை என்று சூளுரைத்தனர். சுரியானி வழியே வந்த ‘சூனஹதோஸ்’ என்ற வடிவம் மலையாளத்தில் இன்றும் வழங்குகிறது. நம் பகுதி மலையாள நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

அண்மையில், ‘சினாடாக நடந்துகொள்ளும் தன்மை’ என்பதற்குக் கத்தோலிக்கர் ‘கூட்டொருங்கியக்கம்’ என்றொரு சொல் ஆக்கியுள்ளனர். கூட்டு இருக்கிறது, ஒருங்கு இருக்கிறது, இயக்கமும் இருக்கிறது. ஒரே மூச்சில் சொல்லத்தான் முடியவில்லை. ‘உடன்வழி’ என்றால் போதாதா? தமிழ் பயிலும் நண்பர்கள் கருத்துரைக்கட்டும்.

இடைக்காலத்தில் எங்கள் அண்டைவீட்டாருக்கு நான் சொன்ன வழி எளிது: வினைச்சொல்லைக் கவனியுங்கள் என்பதே. கத்தோலிக்கர் பேச்சில் மாமன்றம் கூடும், ஆலோசிக்கும், கலையும். தென்னிந்தியத் திருச்சபையார் பேச்சில் சினாடு கூடுவதோடு நில்லாது. இராயப்பேட்டையில் அலுவலகம் வைத்திருக்கும், சுற்றறிக்கை அனுப்பும், வழக்கும் நடத்தும்.