கம்பெனிகிட்ட உங்க ஊர்ப் பள்ளி என்ன கேட்கலாம்?

ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் மதகு திறந்ததும் வெள்ளை நுரை மலை மாதிரி பொங்கி வரும் வீடியோ உங்க போனுக்கும் வந்திருக்கும். கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கம் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரு புறநகரின் கழிவுநீரையும் சேர்த்துக்கொண்டுதான் நம் எல்லைக்குள் வருகிறது. சோப்புத்தன்மையுள்ள கழிவு கலந்த தண்ணீர் உயரத்திலிருந்து வேகமாக விழும்போது காற்றோடு சேர்ந்து நுரைக்கிறது.

"இது ஏன் நுரைக்குது?" என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை கேட்டால், பதில் சொல்லத் தெரிந்தவர்கள் ஓசூரிலேயே இருக்கிறார்கள். சிப்காட் தொழிற்சாலைகளில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைத் தினமும் ஓட்டுகிற ஆட்கள்தான் அவர்கள். ஆனால் பெரும்பாலும் நாம் கம்பெனிகளிடம் கேட்பது சுவருக்குப் பெயிண்ட், நாலு பெஞ்ச், ஒரு ஸ்மார்ட் டிவி. அவையும் தேவைதான், மறுக்கவில்லை. அதோடு நின்றுவிடுகிறோம் என்பதுதான் குறை.

இன்றைய தேவைக்காக நாளைய தண்ணீரையும் மண்ணையும் காலி செய்யாமல் வாழக் கற்றுக்கொடுப்பதை 'நீடித்த வளர்ச்சிக்கான கல்வி' என்கிறார்கள். ஐ.நா. 2005 முதல் 2014 வரையிலான பத்தாண்டை இதற்கென்றே ஒதுக்கியது. பாடப் புத்தகத்தில் இருப்பதை ஊரோடு பொருத்திக் காட்ட ஆசிரியர் மட்டும் போதாது. தொழில் தெரிந்தவர்களும் வேண்டும்.

ஓசூருக்கு இந்த உறவு புதுசு இல்லை. 1980களில் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை வந்தபோது, பள்ளி முடித்த இளம் பிள்ளைகளை எடுத்துப் பயிற்சி கொடுத்துத்தான் கடிகாரம் செய்ய வைத்தார்கள். அன்று பிள்ளைகள் பள்ளியிலிருந்து கம்பெனிக்குப் போனார்கள். பிறகு கம்பெனி பள்ளிக்கு வர ஆரம்பித்தது. அசோக் லேலண்டின் 'ரோட் டு ஸ்கூல்' திட்டம் 2015இல் கிருஷ்ணகிரி மாவட்டத்து அரசுப் பள்ளிகளில்தான் தொடங்கியது. படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளைக் கைதூக்கிவிடுவது அதன் முக்கிய வேலை.

இது கம்பெனிகளின் தயவு மட்டும் இல்லை, சட்டமும் இருக்கிறது. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135இன்படி, நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வி, சுற்றுச்சூழல் இரண்டுமே அந்தப் பட்டியலில் உண்டு. தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அதனால் சிப்காட் புகையையும் லாரி நெரிசலையும் தினமும் பார்க்கிற ஊர்க்காரர்கள் தயங்காமல் கேட்கலாம்.

இப்போது போனை எடுங்க. உங்க பகுதி நிறுவனத்தின் வெப்சைட்டில் 'சி.எஸ்.ஆர்.' பக்கத்தைத் திறந்து பாருங்க. வெப்சைட் உள்ள நிறுவனம் தன் சி.எஸ்.ஆர். கொள்கையையும், ஒப்புதல் தந்த திட்டங்களையும் அங்கே வெளியிட வேண்டும். அதில் பள்ளிக்கல்வி இருக்கிறதா, சுற்றுச்சூழல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேட்டால் உங்க மனுவுக்கு எடை கூடும்.

அடுத்து பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டப்படி இதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் போடுவது இவங்க வேலை. கூட்டத்தில் பேசி, தீர்மானத்தில் ஏற்றுங்க. தீர்மானம் இல்லாமல் தனி ஆளாகப் போய்க் கேட்டால் நன்கொடை மாதிரி ஆகிவிடும்.

தமிழக அரசு 2022 டிசம்பர் 19இல் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' இணையதளத்தையும் பாருங்க. நிறுவனங்கள், முன்னாள் மாணவர்கள், பொதுமக்கள் எல்லோரும் இதன் வழியாக அரசுப் பள்ளிக்கு உதவலாம். இதற்குத் தலைவராக நியமிக்கப்பட்டவர் வேணு சீனிவாசன். ஓசூரில் மொபெட், பைக் செய்யும் டி.வி.எஸ். மோட்டாரின் பெயரோடு சேர்ந்தே நாம் அறிந்தவர். ஒரே பெயரில் பல பள்ளிகள் இருப்பதால், உங்க பள்ளியின் 11 இலக்க யுடைஸ் எண்ணைத் தலைமை ஆசிரியரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்க.

சரி, என்ன எழுதுவது? "எங்கள் பள்ளிக்கு உதவி செய்யவும்" என்று எழுதினால் பெயிண்ட்தான் வரும். இப்படி எழுதிப் பாருங்க: "8, 9ஆம் வகுப்பு மாணவர்கள் மாதம் ஒருமுறை ஏரித் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். சோதனைக் கிட்டும், முறையைச் சொல்லித்தர உங்கள் ஆய்வகப் பணியாளர் ஒருவரும் தேவை. ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்க்க அனுமதி வேண்டும்." இதில் பாதிக்கு மேல் கம்பெனிக்குப் பெரிய செலவே இல்லை. வருகிறவர் தமிழோடு தெலுங்கோ கன்னடமோ பேசினால் இன்னும் நல்லது. நம்ம எல்லையோர வகுப்புகளில் பல பிள்ளைகளுக்கு அதுதான் வீட்டு மொழி.

ஒரு நாள் மரம் நட்டு போட்டோ எடுப்பதோடு முடிகிற திட்டத்துக்குச் சட்டென்று தலையாட்டாதீங்க. தொடங்கிய ஆண்டு போக, மேலும் மூன்று ஆண்டு வரை தொடரும் திட்டங்களுக்குச் சி.எஸ்.ஆர். விதியில் இடம் இருக்கிறது. செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது, கிட் தீர்ந்தால் யார் வாங்கித் தருவது, சோலார் பேனல் பழுதானால் யாரைக் கூப்பிடுவது என்பதையெல்லாம் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்க.

பள்ளிக்கல்வி தொடர்பான சந்தேகத்துக்கு 14417.