பின் பிரேக் பெடல்: அலுமினியமா, இரும்பா?

கேள்வி: என்னிடம் பழைய யமஹா செரோ 225 இருக்கிறது. பின்னால் டிரம் பிரேக். ரத்தோட்டை, ரிவஸ்டன் பக்கத்துத் தோட்டப் பாதைகளில்தான் தினமும் ஓட்டம். கல்லில் அடிபட்டுப் பெடல் உள்பக்கம் வளைந்து, இப்போது என்ஜின் கவரில் உரசுகிறது. இறக்கத்தில் காலைத் தூக்கித்தான் மிதிக்க வேண்டியிருக்கிறது. முனை மடங்கும் அலுமினியப் பெடல் போட்டால் பிரேக் நன்றாகப் பிடிக்குமா?
– வாசகர், ரத்தோட்டை

பதில்: பெடல் மாற்றலாம். பிடிப்பு கூடும் என்று மட்டும் நம்பாதீர்கள். பிடிப்பைத் தருவது டிரம்முக்குள் இருக்கும் சூ. உங்கள் பாதத்தின் பலத்தை ரொட் வழியாக அதற்குக் கொண்டுபோகும் நெம்புகோல்தான் பெடல். அது சுழலும் இடத்திலிருந்து முனை வரை எவ்வளவு, ரொட் பூட்டும் துளை வரை எவ்வளவு என்று பழைய பெடலில் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். புதியதிலும் அந்த அளவுகள் ஒத்திருக்க வேண்டும். முனை குட்டையானால் அதே பிடிப்புக்குக் கால் அதிகம் அழுத்த வேண்டும். நீளமானால் அழுத்தம் குறையும், ஆனால் பெடல் கூடுதல் தூரம் இறங்கும்.

உங்கள் பாதைக்கு நான் இரும்பைத்தான் சொல்வேன். இரும்புப் பெடல் கல்லில் பட்டால் வளையும். ஒரு குழாயைச் செருகி நிமிர்த்திக்கொண்டு வீடு வந்து சேரலாம். மலிவான வார்ப்பு அலுமினியம் முறியும், முறிந்த இடத்தில் பிரேக் இல்லை. அடித்து உருவாக்கிய அலுமினியம் தரமானதுதான், எடையும் குறைவு. ஆனால் சில நூறு கிராம் குறைவதால் தோட்டப் பாதையில் உங்களுக்கு என்ன கிடைக்கப் போகிறது? மடங்கும் முனை நல்ல யோசனை. பழைய பெடலின் முனையை வெட்டி, ஸ்பிரிங் வைத்த மடங்கும் முனையொன்றை நல்ல வெல்டரிடம் ஒட்டிக்கொள்ளலாம். முனையில் பல்வெட்டு இருக்கட்டும், சேறு படிந்த கம்பூட்ஸ் வழுக்காது. பெடல் முனைக்கும் பிரேமுக்கும் நடுவே மெல்லிய ஸ்டீல் கேபிள் ஒன்றையும் கட்டுங்கள். மானாப்புல்லும் கொடிகளும் பெடலுக்குப் பின்னால் புகுந்து அதை வெளியே இழுப்பதைத் தடுக்கும். பந்தயக்காரர்கள் பலரும் செய்யும் வேலை இது, செலவோ மிகக் குறைவு.

காலைத் தூக்கி மிதிப்பதற்குப் பெடலின் உலோகம் காரணமல்ல, உயரம்தான் காரணம். முதலில் நிறுத்தும் போல்ட்டைத் திருப்பி, பெடல் முனையை ஃபுட்ரெஸ்டின் மேல்மட்டத்துக்குச் சமமாகவோ சற்றுக் கீழாகவோ கொண்டுவாருங்கள். நின்று ஓட்டுவதற்கும் உட்கார்ந்து ஓட்டுவதற்கும் ஒரே உயரம் முழுதாக ஒத்துவராது. அதிகம் எப்படி ஓட்டுகிறீர்களோ அதற்கு வையுங்கள். அதன் பிறகுதான் ரொட்டின் நட். பெடல் முனையில் 20 முதல் 30 மில்லிமீற்றர் வரை வெறும் அசைவு இருக்க வேண்டும். கடைசியாக பிரேக் லைட் சுவிட்ச். வரிசை மாறினால் ஒன்றைச் சரிசெய்ய மற்றது கெடும். மூன்றாவதைத்தான் பலரும் மறக்கிறார்கள், பிறகு பின்னால் வரும் பஸ்காரர் உங்கள் வேகக் குறைவை விளக்கில் பார்ப்பதில்லை.

ஒரு எச்சரிக்கை. நட்டை முழுக்க இறுக்கியும் பிடிக்கவில்லை என்றால், டிரம்மின் மேலிருக்கும் கையைக் கழற்றி ஒரு பல் தள்ளிப் பூட்டித் தரும் பாஸ்மார் இருக்கிறார்கள். சம்மதிக்காதீர்கள். சூ தேய்ந்துவிட்டது என்பதை மறைக்கும் வேலை அது. உள்ளே கேம் அளவுக்கு மீறித் திரும்பினால் சில்லு இறுகி நின்றுவிடும். சூவை மாற்றுங்கள், கேமுக்குக் கொஞ்சம் கிரீஸ் வையுங்கள், சூவில் ஒரு துளிகூடப் படக்கூடாது. பெடல் சுழலும் இடத்தில் பக்கவாட்டு ஆட்டம் இருந்தால் புஷ்ஷையும் மாற்றுங்கள். ஓடை கடந்த பிறகு சிறிது தூரம் பெடலை லேசாக மிதித்தபடி ஓட்டினால் டிரம்முக்குள் நீர் உலரும்.

ரிவஸ்டன் இறக்கத்தில் பாரம் முன்சில்லுக்குப் போய்விடுவதால் பின்சில்லு எளிதில் வழுக்கும். அங்கே தேவை பலமான பின்பிரேக் அல்ல, கால் உணரக்கூடிய பிரேக். இரண்டாம் கியரில் என்ஜின் பிடிக்கட்டும், முன்பிரேக்கை மெதுவாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். (நக்கிள்ஸ் வனத்துக்குள் பைக்கோடு இறங்கும் எண்ணம் இருந்தால், வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் போக வேண்டாம். 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த மலைத்தொகுதியின் ஒரு பகுதி அது.)

கேள்வி: என்னுடையதும் செரோதான், ஆனால் 1993க்குப் பிந்தியது, பின்னால் டிஸ்க். பெடலை இறக்கிப் பூட்டினேன். இப்போது ஐந்து கிலோமீற்றர் ஓடினாலே டிஸ்க் கொதிக்கிறது.
– வாசகர், நாவுல

பதில்: பெடலை இறக்கும்போது மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் கம்பியையும் சேர்த்து அழுத்திவிட்டீர்கள். பிஸ்டன் முழுதாகப் பின்னுக்கு வரவில்லை, எண்ணெய் திரும்பும் துளை மூடியே இருக்கிறது. சூட்டில் எண்ணெய் விரிய, பேட் இன்னும் இறுகும். கம்பியைச் சற்றுக் குறைத்து, பெடலில் சிறிதாவது வெறும் அசைவு வையுங்கள். பின்சில்லைத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள், தடையில்லாமல் சுழல வேண்டும். எண்ணெய் கறுத்திருந்தால் மூடியில் எழுதியிருக்கும் வகையையே புதிதாக ஊற்றுங்கள். அதுவரை அந்த வண்டியை வீதியில் எடுக்க வேண்டாம்.