வேதாளரின் முதல் எதிரி

கேள்வி: வேதாளர் முகமூடி அணியக் காரணமான வில்லன் யார்? (வாசகர், திருவேங்கடம்)

பதில்: சிங் கடற்கொள்ளையர்கள்.

காமிக்ஸ் எழுத்தாளர் லீ ஃபாக் 1936இல் படைத்த வேதாளரின் (Phantom) பூர்வகதை 1536இல் நடக்கிறது. கொள்ளையர்கள் கப்பலைத் தாக்கித் தந்தையைக் கொல்கிறார்கள். தப்பிய மகன் கரை ஒதுங்குகிறான். காட்டில் வாழும் பாண்டர் குள்ளர்கள் காப்பாற்றுகிறார்கள். பின்னொரு நாள் கடற்கரையில் ஒரு பிணம் கிடக்கிறது. உடம்பில் இருப்பது தந்தையின் உடை! கொலையாளி அவன்தான். அவனுடைய மண்டையோட்டின் மீதுதான் கொள்ளையையும் கொடுமையையும் ஒழிப்பதாக மகன் சபதம் செய்கிறான்.

ஃபாக்கின் மேதைமை இங்கேதான். பழிதீர்க்க வேண்டியவன் முதலிலேயே செத்துவிடுகிறான். பகை ஒரு கூட்டத்தின் மேல் திரும்புகிறது. பேட்மேனின் பெற்றோரைச் சுட்டவனோ தனி ஆள். 1948இல் அவனுக்கு ஜோ சில் என்று பெயரிட்டு, கதையையும் முடித்துவிட்டார்கள். வேதாளரின் சபதம் தந்தையிடமிருந்து மகனுக்குப் போய், 21ஆம் தலைமுறை வரை வந்திருக்கிறது.

1964இல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ், இந்திய வாசகர்களுக்காக இந்தக் கொள்ளையர்களைச் ‘சிங்கா’ கூட்டம் ஆக்கியது.