வலையில் சிக்கிய ஈட்டிமுனை

கேள்வி: மனிதர்கள் வாழ்ந்த நிலத்தைக் கடல் விழுங்கியது என்பதெல்லாம் நிஜமா, கட்டுக்கதையா?
- ஒரு வாசகர், கரூர்

பதில்: நிஜம்தான். இங்கிலாந்துக்கும் டென்மார்க்குக்கும் நடுவே இன்று வடகடல் இருக்கும் இடத்தில், ஒரு காலத்தில் ஆறும் சதுப்பும் காடுமாக நிலம் விரிந்து கிடந்தது. 1931-ல் நார்ஃபோக் கரைக்கு அப்பால் 'கொலிண்டா' என்ற மீன்பிடிக் கப்பலின் வலையில், மட்கிய செடிகொடிகள் இறுகிய கரிய கட்டி ஒன்று வந்தது. இம்மாதிரிக் கட்டிகளை மீனவர்கள் திட்டிக்கொண்டே கடலில் வீசிவிடுவார்கள். அன்று உடைத்துப் பார்த்தார்கள். உள்ளே ஒரு சாண் நீளத்தில் மான்கொம்பு ஈட்டிமுனை! ஒரு பக்கம் வரிசையாக, ரம்பப் பல் மாதிரி முட்கள். கட்டியிலிருந்த மகரந்தத்தை ஆராய்ந்ததில், அது நன்னீர்ச் சதுப்பில் உருவானது என்று தெரிந்தது.

இந்நிலத்துக்கு 'டாகர்லாந்து' என்று 1990-களில் பெயர் வைத்தவர் பிரையனி கோல்ஸ் என்ற தொல்லியலாளர். பனியுகம் முடிந்து பனிப்பாறைகள் உருக, கடல் பல தலைமுறைகளாக மெல்ல ஏறியது. சுமார் 8,150 ஆண்டுகளுக்கு முன் நார்வே அருகே கடலடிச் சரிவால் சுனாமியும் வந்தது. தொலைக்காட்சிக்காரர்களுக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் அதற்குள் பெரும்பகுதி ஏற்கெனவே மூழ்கியிருந்தது. நெதர்லாந்தில், கடலடி மணலைக் கொட்டி உருவாக்கிய கரைகளில், இன்றும் பொதுமக்கள் அக்கால எலும்புகளையும் கற்கருவிகளையும் பொறுக்குகிறார்கள்.