போர்ச்சுகல் களிமண்

கேள்வி: பல நாட்டு மண்ணில் கூட்டாகச் சிற்பம் செய்யும் எங்கள் கோவைக் குழுவுக்காக, போர்ச்சுகலிலிருந்து களிமண் எடுத்துவரலாமா?

பதில்: மண்ணாகவே கொண்டுவருவது சிரமம். நூற்புழுவும் பூஞ்சையும் அதில் ஒட்டிக்கொண்டு வரும் என்பதால், நம் 2003-ஆம் ஆண்டுத் தாவரத் தடுப்புக்காப்பு ஆணை முன்அனுமதி கேட்கிறது. ஒரு டப்பா மண்ணுக்கு இவ்வளவு அலைச்சல் எதற்கு? அங்கேயே உருவமாக்கிச் சுட்டுக் கொண்டுவாருங்கள். சுமார் 600 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சுட்ட களிமண் மறுபடி தண்ணீரில் கரையாது.

நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு, மேல்மண்ணை ஒதுக்கி, வேர் இல்லாத அடியடுக்கில் தோண்டுங்கள். பென்சில் பருமனுக்கு உருட்டி விரலில் சுற்றிப் பாருங்கள். வெடிப்பு விடாவிட்டால் நல்ல களி. காய்ந்த துண்டில் வினிகர் விட்டால் நுரைக்கிறதா? சுண்ணாம்பு கலந்த மண், வேண்டாம். சுட்ட பிறகு அந்தச் சுண்ணாம்பு ஈரத்தைக் குடித்து உப்பும். பொம்மையின் மூக்கோ காதோ சில்லாகத் தெறித்து விழும்.

தோண்டச் சோம்பலாக இருந்தால் போர்ச்சுகலின் எஸ்த்ரமோஸ் ஊருக்குப் போங்கள். அவ்வூர்க் களிமண் பொம்மைக் கலை 2017-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. சூளை உள்ளவர்களின் சிநேகமும் கிடைக்கக்கூடும்.

உங்களைப் போலவே பல நாட்டு மண்ணில் கூட்டாக உருவங்கள் செய்த பிரிட்டிஷ் சிற்பி ஆன்டனி கோர்ம்லி மண்ணை நாடு கடத்தவில்லை. மண் இருக்கும் ஊருக்கே போனார். மெக்ஸிகோவின் சோலுலாவில் செங்கல் அறுக்கும் குடும்பத்தாரும், 2003-இல் சீனாவின் குவாங்சோ பக்கத்துக் கிராமத்தாரும் உள்ளூர் மண்ணில் கையடக்க உருவங்கள் பிடித்தார்கள். சீனாவில் மட்டும் ஏறத்தாழ 2 லட்சம்! போர்ச்சுகல்காரர்கள் கையாலேயே சில உருவங்கள் செய்து வாங்கிவர முடியுமா என்று குழுவில் பேசிப் பாருங்கள்.