தனிக் கலவையில் வார்க்கும் கியூப்

கேள்வி: சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு, திருச்சி அருகே ஓர் அடுக்குமாடிக் கட்டுமானத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். கான்கிரீட் சோதனை என் பொறுப்பு. தளம் போடும் அன்று லாரியில் வரும் கலவையில் கியூப் எடுக்க விடுவதில்லை. சிமென்ட் கூட்டித் தனியாகக் கலந்ததில் வார்க்கச் சொல்கிறார் சூப்பர்வைசர். 'எல்லா சைட்டிலும் இப்படித்தான்' என்கிறார். ரிஜிஸ்டரில் கையெழுத்து என்னுடையது. என்ன செய்வது? பி.இ. முடித்தால்தான் என் பேச்சு எடுபடுமா?

பதில்: அந்தக் கியூபுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். 28ஆம் நாள் மெஷினில் உடையப்போவது தளத்தில் இல்லாத கான்கிரீட். அதன் ரிசல்ட்டை நம்பித்தான் மேல்தளம் ஏறும், குடும்பங்கள் குடிவரும்.

உங்கள் சூப்பர்வைசருக்கு இருப்பது பயம் என்று நினைக்கிறேன். கியூப் குறைந்தால் தளத்தை இடிக்கச் சொல்வார்கள் என்று பலர் நம்புகிறார்கள். ஐ.எஸ். 456 அப்படிச் சொல்லவில்லை. சந்தேகம் வந்தால் தளத்திலிருந்தே குறைந்தது மூன்று கோர் எடுத்துச் சோதிக்கலாம். அவற்றின் சராசரி, அந்த வயதுக்குரிய கியூப் வலிமையில் 85 சதவீதத்தை எட்டி, எந்தக் கோரும் 75 சதவீதத்துக்குக் கீழே போகாவிட்டால் கான்கிரீட்டை ஏற்கலாம். அதிலும் தேறாவிட்டால் லோடு டெஸ்ட் இருக்கிறது. உண்மையான கியூப் குறைவாக வந்தால் எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும். பொய்க் கியூப் அந்த இடத்தை மறைத்துவிடும்.

கலவை ஏன் கெடுகிறது என்பதையும் கவனியுங்கள். பெரும்பாலும் தண்ணீர்தான். ஒரு கனமீட்டருக்கு 320 கிலோ சிமென்ட், 160 லிட்டர் தண்ணீர் என்றால் விகிதம் 0.50. பம்பில் ஓடவில்லை என்று கனமீட்டருக்கு 20 லிட்டர் கூடுதலாக ஊற்றினால் அது 0.56 ஆகிவிடும். 'மாடரேட்' சூழலில் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு உச்ச அளவே 0.50. எனவே லாரி வந்ததும் ஸ்லம்ப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் பிளான்ட்டைக் கூப்பிட்டு அட்மிக்சர் சேர்த்துக் கலக்கச் சொல்லுங்கள். பைப்பைப் பிடிக்கும் கையைத் தடுப்பது உங்கள் வேலைதான்.

40 கனமீட்டர் தளத்துக்கு நான்கு மாதிரிகள், மாதிரிக்கு மூன்று கியூப். 7ஆம் நாள் சோதனைக்கு வேண்டியதைத் தனியாக வார்த்துவிடுங்கள். லாரியின் முதல் கொட்டலையும் கடைசியையும் விட்டு நடுவில் எடுங்கள். 150 மி.மீ. அச்சில் மூன்று அடுக்கு, கையால் குத்தினால் அடுக்குக்குக் குறைந்தது 35 குத்து. லாரி எண், நேரம், ஸ்லம்ப், எந்த பீம், எந்த பே என்று அங்கேயே நின்று எழுதிவிடுங்கள். மாலையில் ஆபீஸில் உட்கார்ந்து நிரப்பும் ரிஜிஸ்டரை நான் நம்புவதில்லை.

பி.இ. படியுங்கள், நல்லதே, டிப்ளமோவுக்கு நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கை இருக்கிறது. ஆனால் இந்தப் பேச்சு எடுபட அதுவரை காத்திருக்க வேண்டாம். கான்கிரீட் கொட்டும் நேரத்தில் பக்கத்தில் நிற்பவர் நீங்கள். டிசைன் செய்த இன்ஜினியர் அங்கே இல்லை. முதலில் சூப்பர்வைசரிடம் கோர் விதியைக் காட்டிப் பேசுங்கள். அப்படியும் வற்புறுத்தினால், ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட்டுக்குத் தேதியிட்டு எழுத்தில் தெரிவித்து, ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தளம் போடும் முன்பே இதைச் செய்துவிடுங்கள்.