அமோக்: நம் மண்ணிலிருந்து கப்பலேறிய சொல்

கட்டுமரமும் மிளகுத்தண்ணீரும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற சொற்கள் என்பதைத் தமிழ் அன்பர்கள் அறிவீர்கள். அவ்வாறே மலாய் மொழியிலிருந்து சென்ற ஒரு சொல் உண்டு. அதுவே 'அமோக்'.

ஒருவன் திடீரென வெறிகொண்டு, கண்ணில் பட்டவரையெல்லாம் தாக்குவதை ஆங்கிலத்தில் இச்சொல்லால் குறிப்பர். பெரும்பாலும் 'ஓடு' என்னும் வினையோடு சேர்ந்தே வரும். இதன் மூலம் 'அமுக்' என்னும் மலாய்ச் சொல்லாகும். தமிழ்ப்பள்ளியை விட்டுப் புகுமுக வகுப்பில் அடியெடுத்து வைத்தபோதுதான் 'மெங்காமுக்' என்னும் அதன் வினைவடிவம் என் காதில் விழுந்தது.

பழைய மலாயில் இது வெறும் பித்தைக் குறிக்கவில்லை. போர்க்களத்தில் உயிரைத் துச்சமாக எண்ணிப் பாய்வதும் அமுக்தான். 'ஹிக்காயாட் ஹாங் துவா' காவியத்தில் ஹாங் ஜெபாட் அரண்மனையில் நடத்தும் அமுக்கை இன்றும் சிலர் துரோகம் என்பர். சிலர் நீதிக்கான எழுச்சி என்பர்.

ஐரோப்பியருள் இதை முதலில் எழுதியவர்களில் ஒருவர் போர்த்துகீசியரான துவார்த்தே பார்போசா. சாவகத்தார் சிலர் வீதியில் இறங்கி எதிர்ப்பட்டவரைக் கொல்வதாக 1516-ஆம் ஆண்டளவில் அவர் குறித்தார். மன்னனுக்காகச் சாகத் துணிந்த மலபார் வீரர்களையும் போர்த்துகீசியர் இதே பெயரால் அழைத்தனர். ஆங்கிலக் கவிஞர் டிரைடன் 1687-இல் இச்சொல்லைக் கையாண்டபோது, முதலெழுத்தாகிய 'அ'வை ஆங்கிலச் சுட்டாகக் கருதி 'மக்' என்று தனியே பிரித்துவிட்டார்!

இங்கே ஓர் எச்சரிக்கை. 'அமோக வெற்றி' என்கிறோமே, அதுவும் இதுவும் ஒன்றா? இல்லை. அமோகம் வடசொல், 'வீண்போகாதது' என்பது அதன் பொருள். ஒலி ஒத்திருந்தால் உறவு என்று முடிவுகட்டுவது ஆராய்ச்சியாகாது. தமிழ்ப்பற்று மிகுந்த நாமே இதில் அடிக்கடி வழுக்கி விழுகிறோம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இச்சொல் ஒரு நோயின் பெயராயிற்று. சிங்கப்பூர் மனநோய் மருத்துவமனையின் பொறுப்பாளராயிருந்த கில்மோர் எல்லிஸ், 1893-இல் 'மலாய்க்காரர்களின் அமோக்' என்றே ஒரு கட்டுரை எழுதினார். நோயோடு ஓர் இனத்தின் பெயரும் ஒட்டிக்கொண்டது. 1994-இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கக் கையேட்டின் நான்காம் பதிப்பும் இதைப் பண்பாடு சார்ந்த நோய்களின் பட்டியலில் வைத்தது. 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் பட்டியலில் அமோக் இடம்பெறவில்லை.

உண்மையில் இவ்வெறி ஓர் இனத்தின் சொத்தா? 2002-இல் ஜெர்மனியின் எர்ஃபுர்ட் நகரில், பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட முன்னாள் மாணவன் ஒருவன் அங்கே புகுந்து 16 பேரைச் சுட்டுக்கொன்றான். அந்நாட்டு ஏடுகள் அதற்கு இட்ட பெயர் 'அமோக்லாவ்ஃப்'. செய்தவன் ஜெர்மானியன், சொல் மட்டுமே நம் வட்டாரத்தது!

இது மலாய்க்காரரின் கதை மட்டுமன்று. 'கூலி' என்றால் தமிழில் உழைப்புக்குரிய ஊதியம். ஆங்கிலத்தில் அதே ஒலியுடைய சொல் உழைக்கும் ஆளையே குறித்தது. குஜராத்தின் 'கோலி' என்னும் குலப்பெயரும் அதன் மூலமாக இருக்கலாம் என்பர். எதுவாயினும், தோட்டங்களில் பால்மரம் சீவிய நம் பாட்டன் பாட்டிமார் அச்சொல்லை வசையாகவே கேட்டனர். அதன் சுமையை அறிந்த நாம், இன்னோர் இனத்தின்மீது ஏற்றப்பட்ட சொல்லையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டாமா?

அடுத்த முறை யாரேனும் 'அவர்கள் இனமே அப்படித்தான்' என்றால், இச்சொல்லின் பயணத்தை எடுத்துச் சொல்லுங்கள். சொல்லின் வேரைத் தேடுவது தேர்வுக்காக மட்டுமன்று, தோழர்களே. சக மனிதனைச் சரியாக அறிந்துகொள்வதற்கும்தான்.